உஷார்! கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருப்பவரையும் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான். பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டதா, எத்தனையாவது ஸ்டேஜ், எத்தனை கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்வார்களா என்று சொந்தபந்தம் முழுக்க விசாரிக்கிறது. விசாரிக்க வேண்டியதுதான். அதே வார்டில், அதே கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, மருந்துப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இன்னொருவர் கிடக்கிறார். மனைவியாக இருக்கலாம், மகளாக, மருமகளாக, தம்பியாக இருக்கலாம். அவர் சாப்பிட்டாரா, தன் பிரஷர் மாத்திரையைப் போட்டாரா, கடைசியாக எப்போது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார் என்று கேட்க ஆள் இல்லை. கேட்டாலும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அந்தப் பதிலை நம்பாதீர்கள்.

நான் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 66 முதல் 96 வயது வரையிலான கணவன் மனைவியரை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துவந்த ஆய்வு அது. முடியாமல் கிடக்கும் துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் கடும் நெருக்கடிக்கும் ஆளானவர்கள் அந்தக் காலத்துக்குள் இறந்துபோகும் ஆபத்து, அப்படியொரு பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவிகிதம் அதிகமாக இருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1995-ல், ஒஹையோ மாநிலத்தில் இன்னொரு சோதனை. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாகப் பிடித்தது. மனப்பாரம் மனதோடு நிற்கவில்லை. தோலில் இருக்கிற கீறலைக்கூட ஆறவிடவில்லை.

இரண்டும் புற்றுநோய் வீடுகளில் மட்டும் எடுத்த ஆய்வுகள் இல்லை. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு நேரம் தவறி, போன் அடித்தாலே நெஞ்சு பதறுகிற வாழ்க்கை எந்த நோயின் பேரால் வந்தாலும் உடம்பு அதைத் தாங்குகிற விதம் வேறாகிவிடாது.

பிட்ஸ்பர்க் ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பலர் அதைச் சொல்வதில்லை. நான் அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துணையைப் பார்த்துக்கொண்டாலும் நெருக்கடிக்கு ஆளாகாதவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. அப்படியென்றால் ஆளைச் சாய்ப்பது பணிவிடை இல்லை. அதை எப்படி, யார் யார், எத்தனை பேர் செய்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நம் வீடுகளில் அதை எப்படிச் செய்கிறோம்? ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டு, "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

தைரியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. மாற்றிவிட இன்னோர் ஆள்தான் இல்லை. தியானம் செய், பாசிட்டிவாக யோசி, கோயிலுக்குப் போய்விட்டு வா என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுகிறவர்கள், அவர் தியானத்தில் உட்காரும் அரை மணி நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஆள் எப்படி மாட்டிக்கொள்கிறார்?

இது திட்டம் போட்டு நடப்பதில்லை. முதல் நாள் ஓ.பி.க்கு யார் கூடப் போனாரோ அவர் கையில் ஃபைல் வருகிறது. டாக்டர் அவரிடம்தான் விளக்குகிறார். எந்தக் கட்டடத்தில் ரத்தம் எடுப்பார்கள், எந்த கவுண்டரில் சீல் வைக்க வேண்டும், எந்த சிஸ்டர் நல்லபடியாகப் பேசுவார் என்பதெல்லாம் அவருக்கே பழகிவிடுகிறது. அடுத்த முறை மற்றவர்கள், "உனக்குத்தான் எல்லாம் தெரியும், நீ போனாத்தான் சரியா வரும்" என்கிறார்கள். நோயாளியும், "அவளே வரட்டும்" என்கிறார். ரெண்டு மூணு கீமோ சைக்கிள் முடிவதற்குள் வேலை, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று அந்த ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் ஃபைலுக்குள் போய்விடுகிறது.

அப்புறம் பாராட்டு தொடங்கும். "அவ ஒருத்தி இல்லைன்னா இந்த வீடே இல்லை." "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான், மருமக பார்க்கிறா." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப் பேர் வாங்கிய பெண், "எனக்கு முடியலை, ரெண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வரேன்" என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் அந்தப் பேர் போய்விடும். அந்தப் பயத்திலேயே அவள் வாயைத் திறப்பதில்லை. அவளைப் புகழ்கிறவர்கள் தயவுசெய்து அந்தப் புகழோடு ஒரு ராத்திரிக் காவலையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆண்கள் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் வேறு விதமாக நடக்கிறது. அவர்கள் அழுவதற்கு இடமில்லை. சாயந்தரம் ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்து, டாஸ்மாக்கில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. முதலில் தூக்கம் வருவதற்காக. பிறகு அது இல்லாமல் தூக்கமே வருவதில்லை. நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால் கதையே வேறு. கீமோ முடிந்து மூன்றாம் நாள் அவளே எழுந்து உலை வைக்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே உதவியாளர் இடம் காலியாகவே கிடக்கிறது. அல்லது பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அந்த இடத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது தவறைச் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். அந்தப் பெண்ணின் படிப்பு ஒரு வருஷம் நின்றால், பெரும்பாலும் நின்றதுதான்.

என்ன செய்யலாம்? முதல் வாரத்திலேயே இரண்டு பேர் ஃபைலைப் படித்துவைத்திருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசியாக எடுத்த ரத்த கவுண்ட் என்ன, அடுத்த தேதி எப்போது, அவசரம் என்றால் எந்த எண், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர் ஒருவரே என்கிற நிலைமை இருக்கும்வரை அவருக்கு விடுதலை கிடையாது. பல கீமோக்கள் 21 நாள்களுக்கு ஒருமுறை வரும். முதல் சில நாள்கள் வாந்தி, சோர்வு. ஏறக்குறைய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாள் வரை வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும். அதன் பிறகு அடுத்த ஊசி வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த மூன்றாம் வாரத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதிவையுங்கள். அவர் ஊருக்குப் போகட்டும், வேலைக்குப் போகட்டும், வெறுமனே படுத்துத் தூங்கட்டும். மருந்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும், உங்கள் டாக்டரிடமே, "எந்த நாள்கள் கஷ்டம், எந்த நாள்கள் பரவாயில்லை?" என்று கேட்டுவிடுங்கள்.

கரண்ட் சிகிச்சை இன்னும் கடினம். வாய், தொண்டைப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஏழு வாரங்கள். ராமநாதபுரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ சென்னைக்கு வந்து, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்குகிறவருக்கு அது ஒன்றரை மாத வனவாசம். கூலி போச்சு. பாஷை ஒன்றுதான் என்றாலும் பேச ஒரு முகம் இல்லை. மூன்று வாரம் முடிந்ததும் ஊரிலிருந்து வேறோர் ஆள் வந்து மாற்றிவிட வேண்டும். புது ஆளைத் திடீரென்று கொண்டுவந்து விட்டால் நோயாளி முகம் சுளிப்பார். பழைய ஆள் இருக்கும்போதே வந்து, ரெண்டு நாள் சேர்ந்திருந்து, குழாய் வழியாக எப்படிக் கஞ்சி கொடுப்பது, எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது என்று கற்றுக்கொண்டு பிறகு பொறுப்பெடுக்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி வீடியோ காலில் வந்து, "ஏன் செகண்ட் ஒப்பினியன் எடுக்கலை, ஏன் அந்த மருந்து கொடுக்கலை" என்று கேட்கிறீர்கள் அல்லவா? பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் பகல் முழுக்க வாந்தியைத் துடைத்த கைக்கு அது விசாரணையாகப் படுகிறது. அதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு ஹோம் நர்ஸ் வைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் போடுவது, இன்ஷூரன்ஸ் காகிதங்களைப் பார்ப்பது, சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வது இதெல்லாம் எந்த நாட்டில் இருந்தும் செய்யலாம். ஒரே சேதியை முப்பது பேருக்கு முப்பது முறை போனில் சொல்லும் களைப்பு, சொல்லிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

களைத்த கை தவறு செய்யும்

"என்னைப் பற்றி என்ன, அவர் பிழைத்தால் போதும்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நீங்கள் சோர்ந்தால் ஆபத்து அவருக்குத்தான்.

கீமோ எடுக்கும் ஒருவருக்கு உடல் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவ சில மணி நேரம் போதும். நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான்கு நாளாகத் தூங்காதவர் என்ன செய்வார்? "காலையில பார்த்துக்கலாம்" என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். காய்ச்சல் இறங்கினதுபோல் இருக்கும். உள்ளே கிருமி இறங்கியிருக்காது. டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

மாத்திரைக் கணக்கும் அப்படித்தான். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையைப் பெரும்பாலும் 14 நாள் கொடுத்து 7 நாள் நிறுத்தச் சொல்வார்கள். எந்த நாள் என்ற நினைவே இல்லாதவர் நிறுத்த வேண்டிய வாரத்திலும் தொடர்ந்து கொடுத்துவிட்டால் வாய் முழுக்கப் புண், நிற்காத வயிற்றுப்போக்கு என்று உயிருக்கே உலை வைத்துவிடும். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். இன்னொருவர் அதைத் தினமும் சரிபார்க்கட்டும்.

உங்களுக்குச் சளி, இருமல் இருக்கிறது. சொன்னால் பதறுவார்கள் என்று மறைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? கவுண்ட் குறைந்தவருக்கு அது போதும். மாஸ்க் போட்டுக்கொண்டு விலகி நில்லுங்கள், வேறு ஆளை அனுப்புங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்களுக்காக டாக்டரிடம் கேளுங்கள். கீமோ ஏறிய முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கொஞ்சம் வெளியேறும். துடைக்கும்போது கையுறை போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை அவரிடம் கொடுக்கவே வேண்டாம். இது மருந்துக்கான ஜாக்கிரதை. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி கிடையாது. கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், ஒரே வீட்டில் புழங்கலாம்.

முதுகும் போகும். ஆள் பாரத்தைத் தனியாகத் தூக்கிப் புரட்டுகிறவர்கள் ஆறு மாதத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். போர்வையை இரண்டாக மடித்து நோயாளியின் முதுகிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்து நகர்த்தினால் பாதிச் சிரமம்தான். முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்டிடம் பத்து நிமிஷம் கேட்டால் செய்தே காட்டுவார். டிஸ்சார்ஜ் அன்று மருந்துச் சீட்டை வாங்குவதோடு இதையும் கற்றுக்கொண்டு வாருங்கள்.

ராத்திரி கண் விழித்துவிட்டு விடிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களே, பஸ்ஸில் போங்கள். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ராத்திரி ரெண்டு மணி வலி

பார்த்துக்கொள்பவரை எதுவும் உடைக்காத அளவுக்கு உடைப்பது, நோயாளி வலியில் முனகும்போது பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது. அந்தக் குரல் அவர் காதைவிட்டுப் பிறகும் போவதில்லை. இதில் பெருங்கொடுமை, அந்த வலியில் பெரும்பகுதியைக் குறைத்திருக்க முடியும் என்பதுதான். வாய்வழி மார்ஃபின் பல பத்தாண்டுகளாக உலகெங்கும் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கப்படுகிறது. நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் அது கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி அந்தச் சிக்கலைக் குறைத்தார்கள். ஆனாலும் பல வீடுகளில், "மார்ஃபினா? கடைசிக் கட்டத்துக்குத்தானே கொடுப்பாங்க? அடிமை ஆயிடுவாரே?" என்று பயந்து, சீட்டில் எழுதியதையே கொடுப்பதில்லை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலிக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். "ரெண்டு டோஸுக்கு நடுவுல வலி வந்தா என்ன கொடுக்கணும்?" என்று கேட்டு எழுதிவாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

வலி நிவாரணமும் ஆதரவு சிகிச்சையும் முதல் நாளிலிருந்தே கேட்கலாம். டாக்டர் கைவிரித்த பிறகு போகிற இடம் என்று நினைத்துக் காலம் தாழ்த்துகிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள். 1800-202-7777 என்ற இலவச எண்ணில் கேட்டால், பக்கத்தில் எந்த ஊரில் ஆதரவு சிகிச்சை மையம் இருக்கிறது என்று சொல்வார்கள்.

இங்கே வெளியில் யாரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் சிலருக்கு வெளியே புண்ணாகி நாற்றம் எடுக்கும். கட்டு மாற்றும்போது குமட்டும். கட்டிய மனைவிக்கே குமட்டும், பெற்ற மகனுக்கே குமட்டும். குமட்டியதற்காக, "நான் பாவி, எனக்கு அருவருப்பு வந்துடுச்சே" என்று தன்னையே வெறுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். மூக்குக்கு உறவு தெரியாது அம்மா. அதில் உங்கள் பாசத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த நாற்றத்தைக் குறைக்க வழி உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறையை ஆதரவு சிகிச்சை நர்சுகள் சொல்லித்தருகிறார்கள். எவ்வளவு, எப்படி என்பதை அவர்களிடமே கேளுங்கள்; வாயைத் திறந்து கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

"அவருக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க டாக்டர்"

நம் வீடுகளில் பார்த்துக்கொள்பவரின் தோளில் ஏறும் பாரங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். நோயாளிக்கு என்ன நோய் என்பதையே மறைத்துவிடுகிறோம். ரிப்போர்ட் பீரோவில் புடவைக்கு அடியில் போகிறது. போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிறோம். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "வாய் தவறி எதுவும் சொல்லிடாதீங்க" என்று எச்சரிக்கிறோம். முடி கொட்டுகிறது, "சூட்டினால" என்கிறோம். மாதக்கணக்கில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு பொய்யைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அழக்கூட முடியாது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்கள்.

யாருக்காக இது? புற்றுநோய் என்று பலகை மாட்டிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து வெளியே வருகிறவருக்குப் பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது. அவரும் உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார். ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். கடன் எவ்வளவு, நிலத்தை என்ன செய்வது, பெண்ணின் கல்யாணம், பார்க்க ஆசைப்பட்ட மனிதர்கள் என்று அவர் சொல்ல நினைத்ததெல்லாம் சொல்லப்படாமலே போகிறது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: "அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்குன்னு நீங்களே அவர்கிட்ட கேளுங்க." அவர், "எல்லாத்தையும் என் பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்" என்றால் அது அவர் முடிவு. கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். இந்தப் பேச்சுக்கு உதவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் பிறந்த கனவுதான் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. நீங்கள் போகிற ஆஸ்பத்திரியிலும், "குடும்பத்தாரோட பேசுறதுக்குக் கவுன்சலர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். கேட்காதவரை யாரும் அழைத்துப்போக மாட்டார்கள்.

களைத்தவர்களைத் தேடி வருகிறவர்கள்

மூன்றாவது கீமோவுக்கும் கட்டி சுருங்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று சாயந்தரம்தான் யாரோ ஒருவர் ஒரு போன் நம்பரோடு வருவார். முள்சீதா இலைக் கஷாயம், ஆப்ரிகாட் கொட்டை, காரத்தண்ணீர், ரகசிய மூலிகை, "கீமோவை நிறுத்திட்டு வந்தா கேரண்டி." பார்த்துக்கொள்பவரின் சோர்வையும் குற்ற உணர்ச்சியையும் மோப்பம் பிடித்தே இந்த வியாபாரம் நடக்கிறது. "இதையும் பார்த்திருக்கலாமே என்று பின்னால் வருத்தப்படக் கூடாதே" என்ற ஒரே எண்ணத்தில் தாலியை அடகு வைக்கிறார்கள். ஆப்ரிகாட் கொட்டையில் இருக்கும் அமிக்டலின் வயிற்றுக்குள் போய் சயனைடாக மாறக்கூடியது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் தடை செய்திருக்கிறது. எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு ராத்திரி தூங்குங்கள். மறுநாள் அதை உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க" என்று எவர் சொன்னாலும் அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள், கட்டிவிட்டுப் பிறகு கேட்காதீர்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதச் சலுகை. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும். தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போய்வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எப்போது உடனே பதற வேண்டும்?

படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, காரணமில்லாமல் அழுகை அல்லது எரிச்சல், இது இரண்டு வாரம் தொடர்ந்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். நெஞ்சில் பாரம், படி ஏறினால் மூச்சு, தாடையிலோ இடது கையிலோ வலி என்றால், நோயாளிக்காக வந்த இடத்தில் நமக்கெதற்கு என்று தள்ளிப்போடாமல் அந்த நிமிஷமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் தொடங்கிவிட்டதா, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளியிடம் கத்திவிட்டேன், கை ஓங்கிவிட்டேன் என்றால், உங்களைத் திட்டிக்கொள்வதைவிட அன்றைக்கே இன்னோர் ஆளை வரவழைப்பதுதான் அவசரம்.

"சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்று ஒரு கணம் மனதில் ஓடிவிட்டதா? அது நீண்ட நாள் பக்கத்தில் இருந்த பலருக்கும் வரும் எண்ணம். அதற்காக நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். ஆனால், "ரெண்டு பேருமே போயிடலாம்" என்று பார்த்துக்கொள்பவர் வாயில் வந்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்துவைத்தாலோ, அவரைத் தனியாக விடாதீர்கள். மருந்துகளை வேறொருவர் பொறுப்பில் எடுத்துவையுங்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பின் எண் 044-24640050. பேசத் தயங்கினால் நீங்களே எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுங்கள்.

நோயாளியை இழந்த வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தங்கள் கிளம்பிவிடும். ஆபத்து அதோடு முடிவதில்லை. அத்தனை மாதம் மருந்து கொடுத்த நேரத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு, பார்த்துக்கொண்டவருக்குத் தானாக விழிப்பு வரும்; செய்ய ஒன்றும் இருக்காது. கொஞ்சம் நிம்மதியும் வரும், அந்த நிம்மதி வந்ததே என்று குற்ற உணர்ச்சியும் வரும். முதல் ஒரு மாதம் யாராவது அவரோடு படுத்துக்கொள்ளுங்கள். மீதியிருக்கும் மார்ஃபினையும் தூக்க மாத்திரைகளையும் அந்த வாரமே ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "அவருக்கு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் தனக்குத் தள்ளிப்போட்டது என்னென்ன என்று உட்காரவைத்துக் கேளுங்கள். பல் வலி, சர்க்கரை டெஸ்ட், கண்ணாடி மாற்றுவது, சில சமயம் மார்பில் தட்டுப்பட்ட ஒரு சின்னக் கட்டி. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனையும், எல்லோருக்கும் பிரஷர், சர்க்கரைப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். போகச் சொன்னால் போக மாட்டார். கூட்டிக்கொண்டு போங்கள்.